உன் படத்துக்குப் பின்னால் கட்டிய கூடு

டெலானிபூர்
போர்ட் பிளேயர், அந்தமான்
ஆவணி மாதம், புதன்கிழமை

அன்பு மகன் செந்தமிழனுக்கு அம்மா மரகதம் எழுதுவது. முருகன் தயவில் இங்கே என் மூச்சும் நடையும் ஓடிக்கொண்டிருக்கிறது, மஸ்கட்டில் நீயும் மருமகள் புஷ்பாவும் பேரன் பிரவீனும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதிகளை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் தெம்பு இருக்குமோ இருக்காதோ. உன் அக்கா ஜெயலட்சுமியின் மூத்தவள் அகிலா பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று நாற்பத்தொன்று வாங்கினாள், அவள் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளில் அவள்தான் முதல், சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. சின்னவள் சங்கவி சைக்கிள் பந்தயத்துக்கு ஹைதராபாத் போய் வெண்கலப் பதக்கம் வாங்கினாள், டெலானிபூர் ஏற்றத்தில் தினம் மிதித்த கால் சமதரையில் சும்மா விடுமா, பேப்பரில் பேர் வந்தது, அதைக் கத்தரித்து அரிசி டின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், தினமும் ஒருமுறை திறந்து பார்க்க ஒரு காரணம் வேண்டுமே. அவளை அங்கேயே பயிற்சிக்கு நிறுத்திக்கொண்டார்கள். உன் பையன் எப்படிப் படிக்கிறான் என்று தெருவில் கேட்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, வகுப்பில் அவன்தான் முதல் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதைப் பொய்யாக்காமல் படிக்கச் சொல்.

இத்தனை பெருமையும் சேர்ந்து வீட்டைக் காலி செய்துவிட்டது செந்தமிழா. அகிலாவைச் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று ஜெயலட்சுமி அவளோடு கப்பல் ஏறி இன்றோடு இருபத்தெட்டு நாள், ஹாஸ்டல் வேலை முடிந்தால் சர்டிபிகேட் வேலை, அதுவும் முடிந்தால் திரும்பி வரக் கப்பலில் இடமில்லை என்கிறாள். மாப்பிள்ளைக்கும் கப்பலில்தான் வேலை, கார் நிக்கோபார் தீவுப் பக்கம் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆக வீட்டில் நான் ஒருத்தி, மழையும் நிற்கவில்லை, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, வலது கண்ணில் புரை விழுந்து முழுக்க வெள்ளையாகிவிட்டது, ஆபரேஷனுக்கு ஜெயலட்சுமி வந்த பிறகுதான் போக வேண்டும். இருக்கிற துணை குருவிகள்தான். சமையல்கட்டு ஜன்னலோரம் முறத்தை எடுத்து உட்கார்ந்தால் தட்டுகிற சத்தத்துக்கு ஏழெட்டு வந்து கம்பியில் வரிசையாக உட்காரும், நொய்யைத் தள்ளிப் போட்டால் என் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்து கொத்தும், நான் தும்மினால்கூடப் பறக்காது, ஆனால் புது ஆள் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் ஒன்றும் இருக்காது. தாழ்வாரத்தில் நனையாமல் கிடக்கிற மணலில் குழி பறித்துப் புரண்டு குளிக்கும். கழுத்தில் கறுப்பு அடித்த ஆண் ஒன்று முகம் கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டு, இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று காலையெல்லாம் கொத்திக்கொண்டே இருந்தது, பாவம் மூக்கு உடைந்துவிடும் என்று துண்டு போட்டு மூடினேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, அங்கே ஓட்டை சந்து எவ்வளவோ இருக்கிறது, ஒரு குருவி எட்டிப் பார்ப்பதில்லை, ஆள் புழங்குகிற வீடுதான் அதற்கு வேண்டும். இதுகளும் நம்மைப்போலக் கப்பலில் வந்த கூட்டம்தான், வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது, காட்டில் பிழைக்கத் தெரியாது என்று உன் அப்பா சொல்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் அப்பா படமும் உன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே, அபர்டீன் பஜாரில் ஒரே கடையில் ஒரே அளவில் சட்டம் போட்டது. உன்னுடையது நீ வெளிநாடு போவதற்கு முதல் நாள் ஸ்டுடியோக்காரனின் கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்தது. அது ஒற்றை ஆணியில் முன்பக்கம் சாய்ந்து தொங்கும், மேல்புறம் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம். ஜெயலட்சுமி கப்பல் ஏறின மறுநாளே அந்தக் கறுப்புக் கழுத்துக்காரன் உன் சட்டத்தின் மேல் உட்கார்ந்து சிலுப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தான், இது என் இடம் என்று ஊருக்குச் சொல்கிறானாம். மூன்றாம் நாள் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிட்டான். தேங்காய் நார், துடைப்பக் குச்சி, கோழி இறகு, சங்கவியின் ரிப்பன் நூல் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து அடைத்தார்கள், அதில் ஒரு ஒழுங்கு கிடையாது, பாதி தரையில் விழும், விழுந்ததைத் திரும்ப எடுப்பதும் கிடையாது, புதிதாகத் தேடப் போவார்கள், தினம் மூன்று தடவை பெருக்கினேன். இறக்கை மாட்டிக்கொள்ளும் என்று அன்றிலிருந்து ஹாலில் ஃபேன் போடுவதில்லை, புழுக்கத்தில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. அப்பா படத்துக்குப் போட்டிருந்த வெட்டிவேர் மாலை, அதுவும் நார்தானே, அதைப் பிரித்து இழுத்திருக்கின்றன. ஒரு பக்கம் கட்டு அவிழ்ந்து, அவிழ்ந்த நுனியை உன் படத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகி, மிச்ச மாலை உன் முகத்துக்கு முன்னால் ஜரிகையோடு வளைந்து தொங்கியிருக்கிறது. வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு மாலை உன் படத்துக்குப் போட்டதாகவே தெரியும். என் கண்ணுக்கு அது தெரியவில்லை. எத்தனை நாள் தொங்கியதோ.

எதிர் வீட்டு பெங்காலிக்காரி ஷிப்ரா ஒருநாள் வந்தாள், எப்போதும் வாசலில் நின்றே சத்தமாகப் பேசுகிறவள் அன்று உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், மாசி கானா காயா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள், பிறகு சுவரைப் பார்த்துவிட்டு உன் பேரைச் சொன்னாள். உன் பேரை யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாள், எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் அழுதேன், அவளும் அழுதாள், மறுநாள் வாழைப்பழமும் அரிசிப் பாயசமும் வந்தது. அதன் பிறகு மீன்காரி விலை பேசாமல் இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போனாள். ரேஷன் கடையில் என்னை முன்னால் விட்டார்கள். கிழவி தனியாக இருக்கிறாள் என்று இரக்கப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், சங்கவி பதக்கத்தின் மரியாதையோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, உன் அம்மாவின் புத்தி அவ்வளவுதான்.

முந்தாநாள் ஹாடோவிலிருந்து ஒச்சம்மா வந்தாள். உசிலம்பட்டிக்காரி, உனக்குச் சின்ன வயதில் பேதி வந்தபோது ராத்திரி பகலாக மடியில் வைத்திருந்தவள், அவளை மறந்திருக்க மாட்டாய். கேட்டைத் திறக்கும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, இப்படி ஆகிப்போச்சே மரகதம், நான் என்னத்தச் சொல்லுவேன் என்று ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். துக்கத்தில் யார் வந்து கட்டிக்கொண்டாலும் கூட அழுவதுதானே நம் வழக்கம், நானும் கட்டிக்கொண்டு அழுதேன், அவள் முதுகைத் தடவினேன், அவள் புருஷன்தான் போய்விட்டார் என்று நினைத்து, மனசத் தேத்திக்க ஒச்சம்மா, அண்ணன் மாதிரி மனுஷன் கெடைக்காது, எப்ப தவறினாரு, எனக்கு ஒருத்தரும் சொல்லலியே என்றேன். அழுகையை அப்படியே நிறுத்தினாள், மூக்கைத் துடைத்தாள், ஏய் கூறுகெட்டவளே, எங்க வீட்டு மனுஷன் வாசல்ல குடையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, நல்லாப் பாரு என்றாள். பார்த்தேன், நிற்கிறார், என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். அப்ப நீ யாருக்குடி அழுவுற என்றேன். உம் மகனுக்குத்தான், வேற யாருக்கு, ஊரே பேசுது, மாலையப் போட்டு மாட்டி வச்சிட்டு என்னையக் கேக்குறியா என்றாள். அப்போதுதான் முக்காலி போட்டு ஏறி நல்ல கண்ணால் உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் முக்காலியிலேயே உட்காரப் போனேன், அண்ணன்தான் பிடித்து இறக்கினார். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்துவிட்டார், இப்படிப் புரளி கெளம்புனா ஆயுசு கெட்டிம்மா என்றார். நானும் சிரித்தேன், அழுத வாயோடு மூன்று பேரும் சிரித்தோம்.

ஒச்சம்மா மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். உயிரோட இருக்கிற புள்ள படத்துல எழவு மாலை, இன்னும் என்னத்துக்குப் பார்த்துக்கிட்டு இருக்க, கூட்டப் பிச்சி எறி, படத்தக் கழுவி மஞ்சத் தண்ணி தெளி என்றாள். அண்ணன் முக்காலியில் ஏறிக் கை விட்டுப் பார்த்தார், நாலு குஞ்சு, இன்னும் கண் திறக்கவில்லை, தொட்டதும் வாயைப் பிளக்குதுங்க என்றார். அதற்குள் ஆண் குருவி வாயில் புழுவோடு வந்து ஃபேன் இறக்கையில் உட்கார்ந்து அவரைத் திட்டுகிறது, பெண் ஜன்னல் கம்பியில் தவிக்கிறது. மகனா குருவியா, நீயே சொல்லு என்று ஒச்சம்மா கேட்டாள். எனக்கு உன் உயிரைப் பற்றிப் பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் கத்தரிக்கோலை அண்ணன் கையில் கொடுத்து மாலையைக் கூட்டுக்கு ஒட்ட வெட்டச் சொன்னேன், கூட்டை விட்டுவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை உன் படத்தைத் தேடி இத்தனை தடவை வந்து போகிற உயிர் இந்த வீட்டில் வேறு ஏது, நாலு குஞ்சைக் கொன்றா உன் ஆயுளைக் கேட்பேன். ஒச்சம்மா கோபமாகப் போயிருக்கிறாள், இருந்தாலும் போகிற வழியில் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டுப் போனாளாம், அண்ணன் போனில் சொன்னார்.

நேற்று ஷிப்ரா வீட்டுக்குப் போய், என் மகன் நன்றாக இருக்கிறான், இது குருவி செய்த வேலை என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவள் காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், பிறகு, தோ போன் க்யூ நஹி கர்த்தா என்றாள். அப்படியானால் ஏன் போன் செய்வதில்லை என்று கேட்கிறாள். நான் முழங்காலைக் காரணம் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். தெருவே நம்பியிருக்கிறது செந்தமிழா, ஒருவர்கூட, அப்படி இருக்காதே, போன வாரம் பேசினானே என்று சொல்லவில்லை. நீ போன பொங்கலுக்குப் பேசியது, அதன் பிறகு அகிலா போனுக்கு வருகிற இரண்டு வரிதான், இப்போது அந்தப் போனும் அவளோடு போய்விட்டது, என்னிடம் இருப்பது உள்ளூர்ப் பேச்சுக்கு மட்டும் ஆகிற பட்டன் போன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா போனபோது நீ சென்னை வரைக்கும் வந்தாய், மழையில் இரண்டு நாள் விமானம் இறங்கவில்லை, லீவு முடிந்து அப்படியே திரும்பிவிட்டாய். வரணும்னு நெனச்சவன் கப்பல் ஏறியாவது வந்திருப்பான், நீ இருந்தா என்ன இல்லாட்டி என்ன என்று போனில் நான்தான் சொன்னேன். மூன்று நாள் கப்பலில் வந்திருந்தால் உன் வேலை போயிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், அன்றைக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது, நீ கிடைத்தாய். முந்தாநாள் முக்காலியில் நின்று பார்த்தபோது அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது. அது தப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதை இன்னும் அழகாக எழுதத் தெரியவில்லை, தப்பு என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள். பதிலுக்கு நீ ஒன்றும் சமாதானம் சொல்ல வேண்டாம், எனக்குக் களைப்பாக இருக்கிறது, பழைய பேச்சை மறுபடி பேசுகிற தெம்பு இல்லை.

மூன்று பேரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவர் சோற்றை ஒருவர் பார்த்துப் போட்டுக்கொண்டு இருங்கள். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், புஷ்பாவின் முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல். கவரில் போர்ட் பிளேயர் என்றும் ஸ்ரீ விஜயபுரம் என்றும் இரண்டையும் எழுது, ஊர் பேர் மாறிய பிறகு ஒரு தபால் எங்கேயோ சுற்றிவிட்டு வந்தது. குஞ்சுகள் பறக்க இன்னும் பத்து நாளாவது ஆகும், பறந்தாலும் அதே கூட்டில் மறுபடி முட்டை வைக்கும், இதுகள் அப்படித்தான், கண்ணாடியெல்லாம் எச்சம், கோட்டுப் போட்ட அந்தப் பையனை அவர்களுக்கே விட்டுவிட்டேன். எனக்கு வேறு படம் வேண்டும். போனில் அனுப்பாதே, அகிலா காட்டினபோதெல்லாம் விரல் பட்டால் ஓடிவிட்டது. காகிதத்தில் போட்டு, நீங்கள் மூன்று பேரும் இருக்கிற மாதிரி, தபாலில் அனுப்பு. தலை நரைத்திருந்தால் நரையோடு, முடி கொட்டியிருந்தால் அப்படியே, மை பூசி எடுக்காதே. வந்ததும் முதலில் ஷிப்ரா வீட்டுக்கு எடுத்துப் போவேன், பிறகு மீன்காரிக்கு, ரேஷன் கடைக்கு, வழி நெடுகக் காட்டிக்கொண்டு போவேன். படத்தின் பின்பக்கம் எடுத்த தேதியை உன் கையாலே எழுது, வருஷத்தையும் போடு.

உன் நல்வாழ்வையே நினைத்திருக்கும் அம்மா,
கு. மரகதம்