காலியாக இருக்க வேண்டிய கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மாடிப்படியில் அக்காவின் குரல். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த அம்மாளிடம் என் தொழிலை விளக்கிக்கொண்டிருந்தாள். "மத்தவங்க வேலை செய்யறத இவ போய் வேடிக்கை பாப்பா. அப்புறம் அதைப் பத்தி நூறு பக்கம் எழுதுவா. அதுக்கும் ஆளைக் கூப்பிடறாங்க பாருங்க!"

சமூக நல அமைப்புகள் செய்கிற வேலையால் மக்களுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று அளந்து சொல்வது என் வேலை என்று நானும் பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அக்காவின் விளக்கம்தான் எல்லாருக்கும் சட்டென்று புரிகிறது. எதிர்வீட்டு அம்மாள், "ஓ, இன்ஸ்பெக்டரா!" என்றார். போகட்டும்.

காப்பக வேலை இன்று தொடங்கியது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலைகளைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகளில் ஒன்பது குழந்தைகள் காப்பகங்கள். அம்மாக்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் திறந்தவை. இரண்டு வருடத்துக்கு முன்னால், திறப்பதற்கு முந்தைய மாதம், தொடக்கக் கணக்கெடுப்பு செய்ததும் நான்தான். அன்று பேசிய அம்மாக்களில் பின்னால் பிள்ளையைச் சேர்த்தவர்கள் நூற்று அறுபது பேர். அதே பெண்களிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். காப்பகங்களைத் தொடர்வதா மூடுவதா என்று நிதி கொடுக்கும் அறக்கட்டளை ஜூனில் முடிவு செய்யும். என் அறிக்கையைப் பார்த்துத்தான்.

மார்ச் 6, வியாழன்

முதல் காப்பகத்துக்குப் போனேன். ஒன்பது காப்பகங்களையும் நடத்துபவர் ஓய்வு பெற்ற செவிலியர். எல்லாரும் நர்ஸம்மா என்றே கூப்பிடுகிறார்கள். வாசலிலேயே நிறுத்தி, "கை கழுவிட்டு வாங்க" என்றார். கழுவினேன். "நகம்?" காட்டினேன். இந்த வயதில்!

"நம்பர் எல்லாம் எடுங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். சுவரோரம் உள்ளங்கை அளவுச் செருப்புகள் வரிசையாக. ஒரு பெண் குழந்தை நேராக என்னிடம் வந்து, என் கோப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. ஒரு மணி நேரம் அசையவில்லை நான். கால் மரத்துப்போனது. எந்தப் படிவத்திலும் இதற்கு இடம் கிடையாது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

நாற்பத்தொரு பேர் முடிந்தது. பேட்டி எடுக்கும் குழுவுக்குத் தலைவி பென்சில். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள், அதனால் அந்தப் பெயர். "எல்லாம் போன்லதான பதியறோம், இது எதுக்கு?" என்றேன். "போன் செத்துப்போச்சுன்னா?" என்றாள். கேள்விப்படிவத்தைப் போனில் அமைத்ததும் இந்தத் தடவை அவள்தான். என்னைவிடக் கெட்டிக்காரி. இதை அவளிடம் சொல்லக் கூடாது, தலைகால் புரியாது.

மார்ச் 20, வியாழன்

மழை. ஒரு பேட்டியும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 28, வெள்ளி

எண்கள் வந்தன.

மொத்தக் கணக்கெடுப்புக்கும் உயிர்நாடியான கேள்வி ஒன்றே ஒன்று: போன மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை? காப்பகம் வந்தபின் அந்த நாட்கள் குறைய வேண்டும். அதுதானே நோக்கமே. இரண்டு வருடத்துக்கு முன் சராசரி 2.8 நாள். இப்போது 3.1.

கூடியிருக்கிறது!

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நான்காவது தடவை கால்குலேட்டரில். அதே 3.1.

ஏப்ரல் 1, செவ்வாய்

நர்ஸம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும். போனில் சொல்ல மனசு வரவில்லை, நேரில் போனேன். யாருடைய மூக்கையோ துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடியே பரவாயில்லங்கறீங்களா? நாங்க வந்து கெடுத்துட்டோமா?"

"நம்பர் அப்படிச் சொல்லுது."

"நம்பர் சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. "உண்மைன்னா எழுதிருங்க. ஆனா உண்மைதானான்னு இன்னொரு தடவ பாத்துட்டு எழுதுங்க" என்றார். திரும்பும்போது பிஸ்கட் கொடுத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

அறக்கட்டளை அதிகாரியோடு வீடியோவில் பேச்சு. எதைச் சொன்னாலும் "அதை ஒரே பக்கத்துல கொடுங்க" என்பார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் ஒருபக்கம். அடுத்த மூன்று வருடங்களுக்கு அவர்களுடைய எல்லாத் திட்டங்களையும் மதிப்பிட ஒரே ஆளை வைக்கப் போகிறார்களாம். "உங்க பேரைத்தான் மனசுல வெச்சிருக்கேன்" என்றார். இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பிறகு கேட்டார்: "காப்பகம் எப்படி? தேறுமா?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது காப்பகம், பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரம். இரட்டைப் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம் வந்தாள். தலைமுடியெல்லாம் அட்டைத் தூசி.

"மேடம், போன தடவையும் நீங்கதான் எங்க வீட்டுக்கு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

இல்லை. "இருக்கே" என்றேன்.

"சும்மா சொல்றீங்க!" என்று சிரித்தாள். "அப்ப நான் வேலைய விட்டுட்டு இது ரெண்டையும் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எத்தனை நாள் லீவு போட்டீங்கன்னு கேட்டீங்க. வேலையே இல்ல, என்னத்த லீவு போடறதுன்னேன். நீங்க சரி சரின்னு போன்ல ஒரு தட்டு தட்டிட்டு எந்திரிச்சுட்டீங்க. அன்னிக்கெல்லாம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், என்னன்னு எழுதியிருப்பாங்கன்னு. என்ன எழுதுனீங்க?"

என்ன எழுதினேன்?

ஏப்ரல் 9, புதன்

சுழியம். பூஜ்யம். சைபர். அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

பழைய கோப்பைத் திறந்து அவளுடைய வரியைத் தேடினேன். 'வேலையில் இருக்கிறாரா: இல்லை. தவறிய நாட்கள்: 0.' அவள் ஒருத்திதானா என்று பார்த்தேன். ஐம்பத்தெட்டு பேர்! வேலைக்கே போக முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த ஐம்பத்தெட்டு பெண்களை, ஒரு நாள்கூட லீவு போடாத உத்தமிகளாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஐம்பத்தெட்டு பூஜ்யமும் சேர்ந்துதான் பழைய சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது.

எப்படி இப்படிப் பண்ணேன்? யோசிச்சு யோசிச்சு ஞாபகம் வந்துடுச்சு. அப்போ படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. பேட்டி எடுக்கிறவர்கள் நச்சு நச்சென்று நச்சரித்தார்கள். நான்தான் பதில் இல்லாத இடத்தில் தானாகவே 0 விழும்படி செய்தேன். அந்த வருட டைரியைப் புரட்டினேன். எழுதியே வைத்திருக்கிறேன்: 'படிவம் இனி எங்கும் மாட்டாது. சபாஷ்.'

சபாஷாம்! செருப்பால அடிக்கணும் என்னை.

பென்சில் இந்தத் தடவை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். வேலை இல்லை என்றால் கேள்வியே வராமல் தாண்டிப் போகும்படி. எவ்வளவு சுலபம்.

சரியாகக் கணக்கிட்டால்: அன்று நூற்று அறுபது பேரில் வேலையில் இருந்தவர்கள் 102, அவர்களுக்குத் தவறியது சராசரி 4.4 நாள். இன்று வேலையில் இருப்பவர்கள் 151, தவறுவது 3.1 நாள். நாற்பத்தொன்பது பேர் கூடுதலாக வேலைக்குப் போகிறார்கள். நாற்பத்தொன்பது! காப்பகம் கெடுக்கவில்லை, கெடுத்தது நான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு நாளாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வழி இருக்கிறது. 'இரு கணக்கெடுப்புகளின் படிவ அமைப்பு வேறுபடுவதால் இக்குறியீடு ஒப்பிடத்தக்கதன்று' என்று பின்னிணைப்பில் ஒரு வரி. பொய் இல்லை. யாரும் படிக்க மாட்டார்கள். என் பெயரும் தப்பும், மூன்று வருட வேலையும் தப்பும். ஆனால் நாற்பத்தொன்பது பேரும் அந்த வரிக்கு அடியில் புதைந்து போவார்கள். ஒருபக்கத்திடம் காட்ட நர்ஸம்மாவுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் மூக்குக்கண்ணாடியை வைத்துத்தான் யோசிப்பார். "போன வருஷம் ஒரு வாத்தியாருக்குப் பவரை மாத்திப் போட்டுட்டேன். ஒரு மாசம் படியில தடுக்கித் தடுக்கி நடந்திருக்காரு. கூப்பிட்டு, தப்பு என்னுதுன்னு சொல்லி மாத்திக் குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு வேற கடைக்குப் போயிட்டாரு."

நல்ல ஆறுதல்! தலையணையை எடுத்து அடித்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபோது என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 12, சனி

பென்சிலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "அச்சச்சோ" என்றாள், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு பேரையும் கூப்பிட்டு, அன்று வேலையில் இல்லாதது நிஜம்தானா என்று சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். பழைய படிவத்தைப் பார்த்து ஒரு கேலி கிடையாது. அவள் கெட்டிக்காரி என்று இன்று சொல்லிவிட்டேன். தலைகால் புரியாமல்தான் திரிகிறாள்.

ஏப்ரல் 23, புதன்

அறக்கட்டளையில் அறிக்கை சமர்ப்பித்தேன். நீள மேசை, ஆறு பேர், நடுவில் ஒருபக்கம். ஓரத்து நாற்காலியில் நர்ஸம்மா, மடியில் கைப்பை.

முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எடுத்த கணக்குல ஒரு தப்பு இருக்கு. அது என் தப்பு." பிறகு ஐம்பத்தெட்டு பூஜ்யங்கள். பிறகு சரியான எண்கள். பிள்ளைகள் இரண்டு வயது வளர்ந்துவிட்டார்கள், வளர வளரக் காய்ச்சல் சளி குறையும், அதனால் நாட்கள் குறைந்த பெருமை முழுவதும் காப்பகத்துக்கே சேராது என்பதையும் சொன்னேன். நர்ஸம்மா என்னை முறைத்தார்.

ஒருபக்கம் கேட்டார்: "நீங்க சொல்லலன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப மத்த நம்பரையெல்லாம் மட்டும் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டு கணக்கெடுப்பின் கோப்புகளையும் அப்படியே மேசையில் வைத்து, வேறு யாரையாவது விட்டுச் சரிபார்க்கச் சொன்னேன்.

வெளியே வந்ததும் நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சல் சளி விஷயத்தை விட்டுருக்கலாம்ல?" என்றார். கையை மட்டும் விடவில்லை, பேருந்து வரும்வரை.

மே 6, செவ்வாய்

பதில் இல்லை. பால்கனித் தொட்டிகளுக்கெல்லாம் மண் மாற்றினேன்.

மே 21, புதன்

இன்னும் இல்லை. கோப்புகளை யாரோ சரிபார்க்கிறார்களாம். எதிர்வீட்டு அம்மாள் கேட்டார், "ஏதாவது தப்பு கண்டுபிடிச்சீங்களா இன்ஸ்பெக்டர்?" "ம், பெரிய தப்பு" என்றேன். ஆளைப் பிடித்தாயிற்றா என்றார். பிடித்தாயிற்று என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. ஒரே பக்கம்தான்!

ஒன்பது காப்பகங்களும் தொடர்கின்றன. இன்னும் மூன்று வருடம். இரண்டாவது பத்தியில்: அறக்கட்டளையின் மதிப்பீட்டுப் பணிகளை இனி வேறொருவர் கவனிப்பார், இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி.

முதல் பத்தியைப் படித்து அழுதேன், இரண்டாவதைப் படித்தும் அழுதேன். எந்தக் கண்ணீர் எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று யாருக்கு நடிக்க வேண்டும் இங்கே? வாத்தியார் வேறு கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நர்ஸம்மா போன் செய்தார். பேசவே இல்லை. போனைக் கூடத்துப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார் போல. பிள்ளைகளின் இரைச்சல்தான் கேட்டது, காது கிழியும் இரைச்சல். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

ஒரு கண் மருத்துவ அமைப்பிலிருந்து சின்ன வேலை ஒன்று வந்திருக்கிறது. பென்சிலும் சேர்ந்து செய்கிறாள், இனிமேல் சம பங்காளி. படிவம் அவளுடையது. வீட்டுக்காரருக்குத் தாங்க முடியாத பெருமை, கண் சம்பந்தப்பட்டது என்பதால்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் ஒரு போன். காப்பகங்களுக்கு என் இடத்தில் வந்திருக்கும் மதிப்பீட்டாளர். இளவயதுக் குரல், ரொம்ப மரியாதை. என் பழைய கேள்விகளையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். இன்னும் ஏதோ தயக்கம்.

"ஒரு சின்ன சந்தேகம் மேடம். வேலைக்குப் போகாதவங்க வந்தா இந்த லீவு கேள்விகிட்ட ஃபார்ம் மாட்டிக்குது, நகரவே மாட்டேங்குது. பேசாம அந்தக் கட்டத்துல ஒரு பூஜ்யம் விழற மாதிரி வெச்சிரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து அக்கா ஓடி வந்தாள், கையில் கரண்டியோடு. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்துவிட்டு, போனில் இருந்தவரிடம் எல்லாம் சொன்னேன். ஐம்பத்தெட்டு பேரையும், இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவையும், என் சபாஷையும்கூட. முக்கால் மணி நேரம். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நல்லவேளை மேடம், உங்ககிட்ட கேட்டேன். காலியாவே விட்டுடறேன்."

போனை வைத்தேன்.

"இப்ப என்னடி பண்ணே?" என்றாள் அக்கா.

"ஒரு பூஜ்யத்தை நிறுத்தினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தாள். "சொன்னேன்ல, இதான் இவ வேலை" என்றாள். சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்ததோ என்னவோ. டீ போடப் போனேன், மூன்று பேருக்கும்.