மில் கதவில் ஓர் ஓட்டை

என் அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் மேனேஜரும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறோம், போனில் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை என்றாலும். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? கடிதம் என்றால் அந்தப் பயம் இல்லை, என் கையெழுத்து உன்னைத் தவிர யாருக்கும் புரியாது.

போன வாரம் மில்லில் பெல்ட் அறுந்து ஒரு நாள் அரவை நின்றது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறாதே என்றால் என்னைத் தள்ளிவிட்டு ஏறுகிறாள். மேனேஜரைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனேன். வயதான நாய், வண்டியிலிருந்து தூக்கித்தான் இறக்கினேன், அப்போதும் தெருவில் போகிற எல்லோரையும் வேலைக்கு நேரமாகி வந்தவர்களைப் போல முறைத்தது. எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கிறது என்றுதானே நீ அதற்கு அந்தப் பெயரை வைத்தாய். உன் பால்கனிப் பூனையைப் பற்றி நீ கேட்டதை மனதில் வைத்து, நாய் பூனையெல்லாம் எப்படி சார் மனுஷன்கிட்ட வந்துச்சு என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன். நாய் முன்னே ஓநாயாக இருந்ததாம். மனிதர் தின்று போட்ட மிச்சத்தைத் தேடிச் சுற்றிவந்ததில் பயம் குறைந்தவை கொஞ்சம் கிட்டே வந்தன, அவற்றின் குட்டிகள் இன்னும் கொஞ்சம் கிட்டே, இப்படியே பல்லாயிரம் வருஷம் போய் ஓநாய் வாலாட்டத் தொடங்கிவிட்டது. பூனை வந்தது ரொம்பப் பிறகு. மனிதன் தானியம் சேர்த்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பூனை இன்னமும் பாதி மனசோடதான் இருக்கு என்றார் டாக்டர். வீட்டில் வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னால், ஓநாயே திருந்திடுச்சு, உங்களை ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன் என்கிறாள். எட்டாவதோடு நின்றவனுக்கு இதற்கு மேல் என்ன வாதம் வரும்?

டாக்டர் சொன்னதெல்லாம் நம் மில்லிலேயே நடந்ததுதான் சுண்டு. எலி கோதுமை மூட்டையைக் கடிக்கிறதென்று நான் ஒரு பொறி வாங்கிவைத்தேன், அதில் முதலில் விழுந்தது என் கால் கட்டைவிரல். அந்தச் சமயத்தில்தான் அந்தச் சாம்பல் பூனை தானாக வந்து தராசுத் தட்டில் உட்கார்ந்தது, அதை எழுப்ப மனமில்லாமல் வாடிக்கையாளர்களைக் காக்கவைத்தேன், நீ அதை முதலாளியம்மா என்றாய். அது வந்துபோகக் கதவின் அடியில் ஓர் ஓட்டை போட்டேன். மேனேஜரோ அப்போது தெருநாய், சாக்கடைக்கு அந்தப்பக்கம் நின்றே பார்க்கும். நீ ரொட்டி ஓரத்தைப் பிய்த்து நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். திரும்பிப் பாரேன் என்றால், நான் பார்க்கலைன்னு அதுக்குத் தெரியணும்பா, சும்மா இருங்க என்று என்னை அதட்டுவாய். அவ்வளவு பெரிய மனுஷி, முன்பல் ரெண்டு விழுந்திருந்தது.

அப்புறம் ஒருநாள் பூனை போகிற வழிதானே என்று நாய் ஓட்டைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? தெருவே கூடிவிட்டது. பக்கத்துக் கடை தச்சர் ரம்பத்தோடு வந்து, அண்ணே, ஓட்டை போட்டீங்களே, ஊர்ல பூனை மட்டும்தான் இருக்குன்னு நினைச்சீங்களா என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினார். அவர் அறுத்து முடிக்கும்வரை நீ உள்பக்கம் மாவுத் தரையில் அதன் மூக்குக்கு நேராக உட்கார்ந்திருந்தாய். தலை விடுபட்டதும் தெறித்து ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் விலகி நின்றோம். அது பின்னால் திரும்பித் தெருவைப் பார்த்தது, வழி சும்மா கிடந்தது. பிறகு பெரிதாகிப்போன ஓட்டை வழியாக உள்ளே வந்து சாக்குமேல் படுத்துக்கொண்டது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறி எனக்கு இன்னும் கேட்கிறது.

அதனால் உன் பால்கனியில் பாலைக் குடித்துவிட்டுக் கை நீட்டினால் ஓடுகிற பூனைக்கு நான் சொல்வது இதுதான். கை நீட்டாதே. அது உள்ளே வந்தாலும் கதவைச் சாத்தாதே. வெளியே போக வழி இருக்கிறதென்று தெரிந்தால்தான் இருக்கலாமா என்று அது யோசிக்கவே ஆரம்பிக்கும்.

அடுத்தது உன் ஆபீஸ் விஷயம். இந்த மாதக் கடைசிக்குள் அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள், நீங்களே சொல்லுங்கப்பா என்றாய். வா என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வருகிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் உன் குரல் நன்றாக இருக்கிறது, அது என் காதில் விழாமல் இல்லை. புது ஊருக்கு நீயும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கிட்டே போகமுடியும். எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, உனக்குப் பிடித்திருந்தால் சரி என்று எழுதிக் கொடு.

மில் கதவு உளுத்துப்போனதால் புதுக் கதவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே தச்சர்தான். பூனையும் போய்ச் சேர்ந்திடுச்சு, மேனேஜரும் எழுந்திருக்கறதில்லை, இதுல ஓட்டை எதுக்குண்ணே என்று கேட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த உன் அம்மா, இருக்கட்டும், போடுங்க, பெட்டியோட ஒரு ஆள் நுழையற அளவுக்குப் பெருசாவே போடுங்க என்றாள். அப்படின்னா அதுதாம்மா கதவு என்றார் தச்சர்.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். பால்கனிக் கதவை மறந்துவிடாதே.

மில்லில் மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்கும்,
உன் அப்பா