அம்மாவின் ஒற்றைப் பங்கு

அன்பு வான்-ரூ,

நானும் அம்மாவும் சுகம். நீயும் பையன் தியென்-யூவும் கோபன்ஹேகனில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெம்பாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றாலைகளுக்குப் போல்ட் செய்யும் ஹெங்-சு கம்பெனி, உலைக்கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கும் வியட்நாம் தொழிலாளர் விடுதியை நிலாப் பண்டிகைக்குள் காலி செய்து, அவர்களை வேறிடத்துக்கு மாற்றும். செவ்வாயன்று காங்ஷானில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் தலைவரே சொன்னது இது. கேட்டு வாங்கியது உன் அம்மா.

நீ பார்க்கச் சொன்ன உலகப் பங்கு நிதி, பூமிக்கும் மனிதருக்கும் கேடு செய்யாத கம்பெனிகளில் மட்டும் பணம் போடுகிறோம் என்கிறது. அதில் ஹெங்-சுவும் இருக்கிறது. பையனுக்காக இருபது வருஷம் விட்டுவைக்கப் போகிற பணம் எப்படிப் பெருகியது என்று அவன் நாளைக்குக் கேட்டால் கூசாமல் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அறிக்கையைப் படித்தால் மட்டும் அது தெரியாது என்பதால் அம்மாவோடு நானும் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். அவள் ஊரிலுள்ள கம்பெனிகளில் எல்லாம் ஒரே ஒரு பங்கு வாங்கி வைத்திருப்பது கூட்டத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் பரிசுக்காகத்தானே, இந்த வருஷம் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம். மற்றவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விட, இவள் உள்ளே போய் எழுந்து நின்று விடுதியைப் பற்றிக் கேட்டாள். தலைவர் சிரித்துக்கொண்டே, அக்கா பாத்திரம் வாங்கிட்டீங்கல்ல, போய் சமைங்க என்றார், கூடமே சிரித்தது. அம்மா உட்காரவில்லை. பாத்திரம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஆளுங்களையும் அதே மாதிரி ஆவியில வெச்சிருக்கீங்களே, எப்ப இறக்குவீங்க என்றாள். அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண் எழுந்து, தான் அந்த நிதியின் தைபே அலுவலகத்திலிருந்து வருவதாகவும், இதே கேள்வியை இரண்டு வருஷமாக எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை என்றும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தலைவர் தேதி சொன்னார்.

ஆக, ஆள் அனுப்பிக் கேட்கிற நிதிதான், விற்றுவிட்டு ஓடவில்லை. ஆனால் இரண்டு வருஷம் இவர்கள் கேட்டது வெளியே யாருக்கும் தெரியவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டணமும் சாதாரண உலக நிதியைவிட அதிகம், இருபது வருஷத்தில் அது கணிசமாகக் கடித்துவிடும். அதில் பெரிதாக இருக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் பாதி உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற நிதியிலும் இருக்கின்றன, இதைப் புதிதாக வாங்கினாலும் பணம் பெரிதாகப் புது இடங்களில் பரவிவிடாது. போடுவதானால் நீ நினைத்த பணத்தில் பாதி போதும் என்பது என் எண்ணம். போட்டபின் தினமும் விலை பார்க்காதே, உனக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பையனிடம் எரிந்து விழுவாய்.

உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். மழையில் நனைந்தால் தலையை உடனே துவட்டு. எந்தெந்தக் கூட்டத்தில் எப்படி வாக்களித்தோம் என்ற கணக்கை அந்த நிதி ஆகஸ்ட் கடைசியில் வெளியிடும், ஹெங்-சு தலைவரை மறுபடி தேர்ந்தெடுக்க இவர்கள் கை தூக்கினார்களா என்பது அதில் தெரியும். விடுதி காலியாகிறதா என்பது செப்டம்பர் நிலாப் பண்டிகையன்று தெரியும், அம்மா நேரில் போய் மாடியைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா
காவ்சியுங், ஜூன் கடைசி வாரம்