சாமுவேல் மாமா சொல்லாத பதில்

என் அன்பு நைனாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் சௌக்கியம்தானே? இங்கே நம் சபைக்கு ஆண்டு விழா வருகிறது. சபையின் வரலாற்றை எழுதி வாசிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சபையை நடத்தும் மூப்பராக இருந்தவர் மகனுக்குத் தெரியாதா என்கிறார்கள். 'ஏசுவே வந்து நின்னாலும் நீ ஆதார் அட்டை கேப்பே' என்று அம்மா என்னைக் கேலி செய்வாளே! அப்படிப்பட்ட சந்தேகப் பிராணியிடம் போய் வரலாற்றைக் கொடுக்கலாமா?

தொடக்கம் சுலபமாகத்தான் வந்தது. ஆவடியில் நம் சேக்காடு வயலாக இருந்த காலத்தில், தெலுங்குப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்களைப் பீட்டர் ஐயா தன் ஓட்டு வீட்டில் கூட்டி ஜெபம் நடத்தினார். நம் மெனோனைட் சபையார் ஆயுதம் எடுக்கக் கூடாது, செய்யவும் கூடாது. சத்தியம் செய்யக் கூடாது. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தன்று ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். பாதி ஊர் பட்டாளத்துக்குச் சாமான் செய்யும் ஆவடியில் இருந்துகொண்டு இப்படி ஒரு கொள்கை! அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்து நம் சபைக்கு வரத் தொடங்கியிருக்கும் திருநெல்வேலி ஜெபராஜ், "மெனோனைட்டா? மாத்திரை பேரு மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார்.

சபை இரண்டான கதைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பாடியில் ஒரு லேத் பட்டறையில் பம்பு மோட்டார் பாகம் கடைவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பீட்டர் ஐயா, உண்மையில் கடைந்தது பீரங்கிக்கான பாகம். யாரோ மேலிடத்துப் பெரியவர்களிடம் ரகசியமாகப் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஐயாவை விலக்கினார்கள். பாதிச் சபை அவரோடு திருமுல்லைவாயிலுக்குப் போய்விட்டது. அவர் இடத்தில் நீங்கள் மூப்பரானீர்கள். ரயிலில் அந்த ஸ்டேஷன் வந்தாலே நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். போனவர்கள் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது ஐயாவின் மகன் யோசேப்பு அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். "எங்கப்பாவ யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு எல்லார் முன்னாலயும் படிங்க. நாங்க மொத்த பேரும் திரும்பி வர்றோம். மறைச்சீங்கன்னா ஒருத்தரும் வரமாட்டோம்." சபை ஒன்றாவதும் ஆகாததும் என் வாயில் இருக்கிறது, நைனா.

ஆள் யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் உயிர்ச் சிநேகிதர் சாமுவேல் மாமாதான். அந்தப் பட்டறைக்கு இரும்பு ஏற்றிப்போன லாரியை ஓட்டியவர் அவர். நம் சபையில் உள்ளே போய்ப் பார்த்திருக்கக் கூடியவர் வேறு யார்? பீட்டர் ஐயாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாரே! நான் கேட்கப் போனால், "டீ குட்ச்சியா கண்ணு?" என்று பேச்சை மாற்றுகிறார்.

போன கூட்டத்தில் ஜெபராஜ் பொறுமையிழந்து, "பைபிள்ல கைய வச்சு, நான் இல்லன்னு சொல்லிருங்களேன் தாத்தா" என்று பைபிளை நீட்டினார். மாமா கையை இழுத்துக்கொண்டார். புதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியம் செய்யாதது நம் வழக்கம், அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் வேதம் சொல்கிறபடி உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லியாக வேண்டுமே? ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

போன ஞாயிறு திருவிருந்து. உங்களுக்குப் பிறகு கால் கழுவுவதில் மாமாவுக்கு ஜோடி நான்தான். அவர் காலை நீட்டினார். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு கழுவக் கூடாதே. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கதானே மாமா? ஆமாவா, இல்லையா?"

"வுட்றா."

"சொல்லாம கழுவமாட்டேன்."

குனிந்து என் காதருகே வந்தார். "பட்டறைல பாத்தது நான்தான். மனசு தாங்காம ஒரே ஒரு ஆளாண்ட சொன்னேன். அந்தாளு போய் மேல சொல்லிட்டாரு. நான் இல்லன்னு சொன்னா, அப்போ யாருன்னு அட்த்த கேள்வி வரும்ல? செத்தவர எப்டிரா இஸ்த்து வுட்றது?"

"யாரு மாமா அந்தாளு?"

"இத்தினி வர்சமா இங்க குந்திகினு நான் யாரு காலக் கழுவினேன்?"

நைனா, அது நீங்களா? அந்த ஸ்டேஷனில் நீங்கள் முகத்தைத் திருப்பியது கோபத்தால் இல்லையா? கொள்கைக்காகச் சொன்னீர்களா, மூப்பர் நாற்காலிக்காகச் சொன்னீர்களா? கொள்கைக்காக என்றால் ஏன் ஐயாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை? பழியெல்லாம் சுமந்த மனுஷர் உங்கள் பாதத்தைத் துடைத்துவிடும்போது என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? எனக்கு உங்கள்மேல் ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

மாமாவின் காலை வெகுநேரம் கழுவினேன். "போதும்டா, தோலு உரிஞ்சிடப் போவுது" என்றார். வெளியே வந்ததும், "எம் பேரையே போட்டுக்கோ, எனக்குப் பழகிப்போச்சி" என்றார்.

போடமாட்டேன். வருகிற ஞாயிறு ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் உங்கள் பெயரைப் படிப்பேன். படித்துவிட்டு, யோசேப்பு அண்ணன் முன்னால் தண்ணீரோடு உங்கள் இடத்தில் உட்காருவேன். அவர் காலை நீட்டுவாரா என்று தெரியாது. 'சத்தியமாக' என்று எழுதப்போன கையை நிறுத்திக்கொண்டேன். நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே சொல்கிறேன்: ஆம், படிப்பேன்.

அப்போதும் உங்கள் மகனாகவே இருக்கும்,
தாவீது