ஈப்போ சுவரில் நின்ற அக்கா

என் அருமை சரசக்கா,

நேற்று உன் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு எதிர்க் கட்டடத்தில், கூந்தல் எண்ணெய்ப் புட்டியோடு விளம்பரப் படமாக நின்றாயே, அந்தச் சுவர்தான்.

நீ செய்த குற்றம் என்ன? ஈப்போவுக்கு வந்த இடத்தில் விளம்பரம் எழுதும் சீனர் உன் பின்னலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கொஞ்ச நேரம் நில்லு லா" என்றார். நின்றாய். அவ்வளவுதான். நம் செமோர் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க அதே பேச்சு. பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. அப்பா உன் போட்டோக்களையெல்லாம் அடுப்பில் போட்டார். லாரி ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டு நீ கோலா கங்சார் போனபோதும் அவர் வரவில்லை. தேவியைப் பெற்ற மறுநாள் நீ கண்மூடியபோதும் வரவில்லை.

தோட்டம் கைமாறிய பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். உன் பேரை எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை.

போன வாரம் எதிரே சாரம் கட்டினார்கள். கட்டட முதலாளியிடம் ஓடினேன்.

"தவுக்கே, ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுங்க."

"ஏன்? யாரு அது?"

"எங்கக்கா."

அவர் அண்ணாந்து பார்த்தார். "சரி லா. திங்கக்கிழம அடிக்கச் சொல்றேன்."

உன் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பி, தேவியை வரவழைத்தேன். இத்தனை வருஷம் ஏன் காட்டவில்லை? சுவர் எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டேன், அக்கா. கிளம்பும்போது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார்.

தேவி வெகுநேரம் பார்த்தாள். "சின்னம்மா, மூஞ்சியே தெரியலியே. மூக்கு எங்க?"

வெயிலும் மழையும் தின்றுவிட்டன என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

"உன் மூக்குதாம்மா அவளுக்கு," என்றார் அப்பா. "சிரிச்சா உன்ன மாதிரியேதான் இருக்கும். நல்ல பொண்ணு, எஞ்சரசு." அப்படியே கடைவாசலில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பி பஸ்ஸில் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. கேட்டு வாங்க எனக்கும் தெம்பில்லை. உனக்கு இது போதுமா?

பள்ளி விடுமுறைக்கெல்லாம் இனி தேவி என்னிடம் வருவாள். அவள் கேட்கக் கேட்க உன்னைப் பற்றிச் சொல்வேன். கடையிலிருந்து எவ்வளவு அலுத்து வந்தாலும், அப்பா எதிரிலேயே சொல்வேன்.

உன் பின்னலைப் பின்னிவிட்ட தங்கை,
கமலா