போட்டின் பின்பலகை

மகனின் வாப்பாவுக்கு,

ஸலாம். கடமைக்குச் சொல்கிறேன்.

சிலாபத்தில் புதுக் குடும்பத்தோடு சுகமாக இருப்பதாகக் கேள்வி. போகும்போது வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னீர்களே, "கடலுக்குப் போற போட்டை மகனுக்கு விட்டுட்டுப் போறன், அது கல்லு மாதிரி" என்று.

போன கிழமை புது எஞ்சின் பூட்டுவதற்கு முன் ஸியாத் சுத்தியல் பிடியால் போட்டைத் தட்டிப் பார்த்தான். எல்லா இடமும் ணங்கென்றது. எஞ்சின் தொங்கும் பின்பக்கம் மட்டும் பொத்தென்றது. "உம்மா, உள்ளுக்குப் பலகை உக்கிப் போச்சு போல" என்றான்.

பைபரை அறுத்துத் திறந்தோம். பலகை, தேத்தண்ணியில் ஊறின பாண் போல விரலோடு வந்தது. ஓட்டைக்குள் ஒரு துணியைத் திணித்து, மேலே பைபர் பூசி, பெயின்டும் அடித்திருந்தது. இழுத்து விரித்தேன்.

நீலக் கட்டம் போட்ட சாரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் உடுக்க நான் வாங்கித் தந்தது. கொடியில் காயப்போட்டதை யாரோ களவெடுத்ததாகச் சத்தியம் பண்ணினீர்கள்.

கண்டக்குழிக் கடலில் எஞ்சினோடு பின்பக்கம் பிய்ந்து போயிருந்தால், பிள்ளையின் மய்யித்தை அடக்கவாவது வந்திருப்பீர்களா? பதில் எழுத வேண்டாம். அதற்கும் மேலே பெயின்ட் அடித்திருப்பீர்கள்.

ஸியாத் புதுப் பலகை வைத்துக் கட்டிவிட்டான். அந்தச் சாரத்தில்தான் இப்போது எண்ணெய்க் கை துடைக்கிறான்.

இப்படிக்கு,
அவனுடைய உம்மா