அப்பா சொன்ன ‘வரேன்’

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், திரைச்சீலைக் கடைக்குப் போய்த் தைக்கிறேன். நலம் என்று சொல்ல இப்போது என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் மருமகள்தான் எடுத்து, “அவர் குளிச்சிட்டிருக்கார் அத்தை” என்கிறாள். பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். அப்பா இறந்ததிலிருந்து நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். தோல் உரிந்துவிடப் போகிறது. அதனால்தான் கடிதம். இதைக் குளியலறைக் கதவுக்கு அடியில் தள்ளும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பஸ் டிப்போவிலிருந்து அப்பாவின் சட்டையையும் தேநீர்க் கோப்பையையும் கொடுத்தனுப்பினார்கள். சட்டையில் கிரீஸ் வாடை. துவைத்தேன், காய்ந்ததும் மடித்து வைத்தேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. துணி சுற்றியிருக்கிறேன்.

அப்பா போன பிறகு வந்த கோடையில் மொட்டைக்குப் போய்வந்தேன். உச்சியில் ஒரு புல்கூட இல்லை என்று நீயும் அப்பாவும் பெயர் வைத்த மலைக்குத்தான். எத்தனை முறை கூப்பிட்டிருப்பீர்கள், நான் அசைந்ததே இல்லை. கடையில் என்னுடன் தைப்பவள் துணைக்கு வந்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள். ஒரு கிழவர் சாதாரணச் செருப்போடு ஏறினார். இதற்கா இவ்வளவு பீற்றிக்கொண்டீர்கள் என்று தோன்றியது. இறங்க இரண்டு வழி: நேராக இறங்கும் கல்படி, மலையைச் சுற்றி வரும் பாதை. இரண்டும் கார் நிறுத்தும் இடத்தில்தான் முடிகின்றன. படி குறுக்குவழி. உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன வாரம் பனியில் மறுபடி போனேன். திட்டாதே, தனியாகப் போகவில்லை. அப்பாவைத் தேடி எடுத்தவர்களில் ஒருவரான வனக்காவலர் கூட்டிப் போனார். காலணிக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிவிட்டார். சுற்றுப்பாதையில் வாத்து மாதிரி நடந்தேன். மேலே போனால் படிகளைக் காணோம். பூசி மெழுகியதுபோல் ஒரே பனிப்பாளம். குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா விழுந்த அன்றைக்குக் கயிறே பனியில் புதைந்திருந்ததாம். கீழே அப்பா விழுந்து கிடந்த இடத்தைக் காட்டினார். மனதுக்குள் ஏதாவது வரும் என்று நின்றேன். மூக்குதான் ஒழுகியது, குளிரில்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். “உங்க வீட்டுக்காரர் பையன் பின்னாடி ஒரு அடிகூட வைக்கலம்மா. கால் தடம் உச்சியிலேருந்து நேரா படிக்குத்தான் போச்சு.”

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் நீ ஒன்றையே சொன்னாய். “சரிடா, நான் வரேன்னு சொன்னார். பின்னாடி வரார்னு நெனச்சு சுத்துப்பாதையில இறங்கிட்டேன்.” அப்பனை விட்டுட்டு வந்துட்டியேடா என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். அதன் பிறகு நீ யார் முகத்தையும் பார்க்கவில்லை. காரியம் முடிந்ததும் ஊரைவிட்டே கிளம்பிவிட்டாய்.

டிப்போவுக்குப் புறப்படும்போது அப்பா வாசலில் என்ன சொல்வார்? போனை வைக்கும்போது? ‘வரேன்.’ நம் வீட்டில் யார் ‘போறேன்’ என்று சொல்லியிருக்கிறோம்? அவர் உன்னிடம் விடைபெற்றிருக்கிறார். குறுக்கே இறங்கி, உனக்கு முன்னால் காரில் சாய்ந்து நின்று, ‘என்னடா ஆமை’ என்று கேலி பண்ணத்தான் அவசரம். அந்த வயதிலும் அந்தச் சின்னப்பிள்ளை புத்தி. நீ காதால் கேட்டது சரி. எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் வேறு. நம் பேச்சு பேசுகிற யாருக்கும் இது நடந்திருக்கும். நீ அவரை விட்டுவிட்டு வரவில்லை. அவர்தான் உன்னை விட்டுவிட்டுப் போனார்.

பெரியப்பாவிடமும் இதைச் சொன்னேன். “அவன வரச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. உண்மையைச் சொன்னால் எதுவுமே இல்லை. இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. பேசட்டும்.

நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ வந்து முன்னால் நின்றால் அழுதுவிடுவேன் என்று நினைக்கிறேன். என்னை அழ வைக்கவாவது வா, கண்ணு.

உன் அம்மா